ஏககாலம் யாருடைய காலம்?

(கர்நாடகத்தின் மார்டள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம் பற்றியோ திருக்குறள் பற்றியோதான் இருக்கும் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது நாளிதழின் உள்பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சொல். ‘குற்றவாளிக்கு 5 ஆண்டு, 3 ஆண்டு, 2 ஆண்டு எனச் சிறைத்தண்டனை விதித்த நீதிபதி, இவற்றை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.’ இப்படி ஒரு செய்தியைப் படிக்காதவர் இந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார். அந்த ‘ஏககாலத்தில்’தான் இன்றைய பொருள்.

இப்போதெல்லாம் ஏககாலம் என்றாலே மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவது பற்றித்தான் பேச்சு. அது பெரிய விவாதம். பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் அதைத் தொடப் போவதில்லை. இந்தச் சொல் ஓர் ஏழையின் வாழ்நாளைத் தொடும் இடத்தில் மட்டும் நிற்க விரும்புகிறேன். அதற்கு மார்டள்ளியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. இங்கே வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் கன்னடம். தமிழில் ‘ஏககாலத்தில்’ என்பதை அங்கே ‘ஏககாலதல்லி’ என்பார்கள். நீங்கள் இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள்.

இலக்கணம் சொன்னது

வடசொல் வருமுன் தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்று யாரும் கேட்க வேண்டாம். ஒருங்கே, ஒருசேர, உடன் என்று பல உண்டு. நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் ஒன்று உடனிகழ்வு. ‘ஆசிரியரோடு மாணவர் வந்தார்’ என்றால் இருவருடைய வருகையும் ஒரே காலத்தில் நிகழ்ந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான்.

ஆனால் தொல்காப்பியர் இதில் இன்னொன்றையும் கவனித்தார். இருவர் சேர்ந்து ஒரு வினையைச் செய்யும்போது ‘ஒடு’ என்னும் உருபு அவ்விருவரில் உயர்ந்தவரைச் சாரும் என்பது அவர் விதி. ‘அரசனோடு சேவகர் வந்தார்’ என்பதே மரபு. ‘சேவகரோடு அரசன் வந்தான்’ என்றும் பேச்சில் சொல்கிறோம், புரியவும் செய்கிறது. ஆனாலும் மரபு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு சேர்ந்து நிகழ்ந்தாலும் அவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது அதைப் பின்தொடர்வது என்று மொழி கணக்கு வைத்திருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது இதன் விரிவுதான். சட்டத்தில் ‘ஏககாலத்தில்’ என்று எழுதப்பட்ட இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று உயர்ந்ததாக நிற்கும், மற்றவை அதற்குள் அடங்கும். எது உயர்ந்தது என்பதைக் காலம் முடிவு செய்வதில்லை. ஒரு மனிதர் முடிவு செய்கிறார், அல்லது முடிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்.

பேசாத நீதிபதி

முதலில் தண்டனைக்கு வருவோம். ஒரே விசாரணையில் ஒருவர் மூன்று பிரிவுகளில் குற்றவாளி என்று முடிவாகிறது. 5, 3, 2 ஆண்டுகள் தண்டனை. ஒன்று முடிந்து அடுத்தது என்று தொடர்ந்தால் 10 ஆண்டு. ஏககாலத்தில் என்றால் மூன்றும் ஒரே நாளில் தொடங்கும். இரண்டாண்டுத் தண்டனையும் மூன்றாண்டுத் தண்டனையும் ஐந்தாண்டுக்குள் கழிந்துவிடும். ஐந்தாண்டுதான் இங்கே அரசன், மற்றவை சேவகர். ஒரு சொல்லின் விலை ஐந்து ஆண்டுகள்.

நீதிபதி இரண்டில் எதையும் சொல்லாமல் தீர்ப்பை முடித்துவிட்டால் என்ன ஆகும்? 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 31ஆவது பிரிவில், இதற்கு விடை வைத்திருந்தது. ஏககாலத்தில் என்று நீதிமன்றம் குறிப்பிட்டுச் சொன்னால் ஒழிய, தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். சலுகையைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்க வக்கீல் இல்லாதவன், வக்கீல் இருந்தும் அன்று அவர் வராதவன், நீதிபதியின் மௌனத்தைச் சிறையில் கழிக்க வேண்டியதுதான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதை மாற்றியிருக்கிறது. அதன் 25ஆவது பிரிவின்படி, குற்றங்களின் கடுமையைக் கருதி, தண்டனைகள் ஏககாலத்திலா அடுத்தடுத்தா என்று நீதிமன்றம் உத்தரவிட்டே ஆக வேண்டும். மௌனத்துக்கு இடமில்லை. புதிய சட்டங்களைப் பற்றி எனக்குப் பல குறைகள் உண்டு. ஆனாலும் இந்த ஒரு மாற்றத்தை வரவேற்கிறேன். கூடவே ஓர் எச்சரிக்கை: அடுத்தடுத்து ஓடும் தண்டனைகளுக்குப் பழைய சட்டம் 14 ஆண்டு என்று உச்சவரம்பு வைத்திருந்தது. புதிய சட்டம் அதை 20 ஆண்டாக உயர்த்திவிட்டது. வாயைத் திறக்கச் சொன்ன சட்டமே கையையும் நீட்டிக்கொண்டது.

எப்போது ஏககாலம் தருவது? உச்ச நீதிமன்றம் வளர்த்த நெறி ஒன்று உண்டு. 1988இல் ஒரு தங்கக் கடத்தல் வழக்கில் அது தெளிவாக விளக்கப்பட்டது. குற்றங்கள் ஒரே நிகழ்வின் பல முகங்களாக இருந்தால் தண்டனைகள் சேர்ந்து ஓடலாம். தனித்தனி நிகழ்வுகளாக இருந்தால் அப்படிக் கேட்க உரிமை இல்லை. ஒருவன் ஒரே இரவில் பூட்டை உடைக்கிறான், வீட்டுக்குள் நுழைகிறான், திருடுகிறான். சட்டப் புத்தகத்துக்கு மூன்று குற்றம், நடந்தது ஒன்று. ஒரு செயலைப் பலவாகப் பெயரிட்டுப் பல முறை தண்டிப்பது நீதியாகாது என்பதே இந்த நெறியின் அடிப்படை. ஆனால் இது நீதிபதியின் விருப்புரிமைதான், பொதுவிதி அன்று என்று 2014இல் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது.

ஒரே ஓர் உயிர்

ஆயுள் தண்டனை பலவாக இருந்தால்? தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வுக்கு முன் வந்தது. கொல்லப்பட்டவர்கள் பலர். ஒவ்வொரு கொலைக்கும் ஓர் ஆயுள் தண்டனை, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க வேண்டும் என்பது கீழ்நீதிமன்றத்தின் உத்தரவு. 2016 ஜூலை 19 அன்று தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் தலைமையிலான அமர்வு அதை மறுத்தது. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும் என்பது கோபால் கோட்சே வழக்கில் 1961இலேயே முடிவான சட்டம். மனிதனுக்கு இருப்பது ஓர் ஆயுள். அது முடிந்தபின் இன்னோர் ஆயுளைத் தொடங்க வழியில்லை. ஆகவே ஆயுள் தண்டனைகள் எத்தனை விதித்தாலும் சேர்ந்துதான் ஓட முடியும்.

‘பதினாலு வருஷம் போட்டால் ஆயுள் முடிந்தது’ என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியன்று. பதினான்கு ஆண்டு என்பது, மரண தண்டனைக்கும் உரிய குற்றத்துக்காக ஆயுள் பெற்றவரை அரசு முன்விடுதலை செய்ய நினைத்தால் அதற்குமுன் அவர் கழித்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம். விடுதலை என்பது உரிமையாக அவர் கைக்கு வந்துவிடுவதில்லை.

கட்டாத அபராதம்

ஏககாலம் நுழையாத ஓர் அறையும் உண்டு. தண்டனையோடு அபராதமும் விதிப்பார்கள், கட்டத் தவறினால் கூடுதலாக ஆறு மாதம் என்பார்கள். மூன்று பிரிவுகளுக்கு மூன்று அபராதம், கட்டாவிட்டால் தலா ஆறு மாதம் என்று வையுங்கள். மூலத் தண்டனைகள் சேர்ந்து ஓடி ஐந்து ஆண்டில் முடிந்திருக்கும். இந்த ஆறு மாதங்கள் சேர்ந்து ஓடா. ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டு மாதம் வெளியே வரவிடாமல் நிறுத்திவிடும். இவற்றை ஏககாலத்தில் ஓடவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் உறுதி செய்தது. சட்டத்தின் வாதம் புரிகிறது. அபராதம் தனிக்கடன், கட்டியவுடன் அந்தச் சிறை முடிந்துவிடும். ஆனால் கட்ட முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் இடையே பதினெட்டு மாதம் என்று ஒரு கோடு விழுகிறது. குற்றத்தில் இருவரும் சமம், பையில்தான் வேறுபாடு.

இதற்கு ஒரு சிறு வாசலும் திறந்திருக்கிறது. ஏழைக் கைதிகளுக்கு உதவ ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த திட்டத்தில், தண்டனை பெற்றவர் அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரையும், விசாரணைக் கைதி ஜாமீன் பெற 40,000 ரூபாய் வரையும் உதவி என்று தொடக்கத்தில் வரம்பு வைத்தார்கள். மாவட்ட அளவில் இதற்குக் குழு இருக்கிறது. தெரிந்து கேட்டால்தான் கிடைக்கும்.

இந்த மண்ணின் ஏககாலம்

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். இந்த ஊர் இருந்த கொள்ளேகால் தாலுகா சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மாநிலச் சீரமைப்பில் 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. பிறகு 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது, அண்மையில் கொள்ளேகாலிலிருந்து ஹனூர் தாலுகா பிரிந்தது. எல்லைக்கோடு மாறியது, வயலும் மலையும் கோயிலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த எல்லைக்கோட்டின் இரு பக்கத்திலிருந்தும் 1990களில் போலீஸ் வந்தது. சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடித் தமிழ்நாட்டு அதிரடிப்படையும் கர்நாடக அதிரடிப்படையும் ஒரே காட்டில் ஒரே காலத்தில் இயங்கின. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றில் கண்ணிவெடி வெடித்து 22 பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. அவர்களுடைய சாவை நாம் மறந்து பேசக்கூடாது. அதன்பின் தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி ஆண்டுக்கணக்கில் மைசூர்ச் சிறையில் இருந்தவர்களை உங்களில் பலர் நேரில் அறிவீர்கள். தடா 1995இலேயே காலாவதியானது. வழக்குகள் காலாவதியாகவில்லை. 2001இல் மைசூர் தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றம்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். அவர்களுக்கு எந்தத் தண்டனையும் விதிக்கப்படவில்லை. சிறையில் கழித்த ஆண்டுகளை எந்தத் தண்டனையிலிருந்து கழிப்பது?

தண்டனை பெற்றவர்களின் கதை வேறு. ஆயுள் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்த நால்வருக்கு 2004 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை மரண தண்டனையாக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது ஆண்டு கிடந்தது. 2013 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் நிராகரித்தார். 2014 ஜனவரி 21 அன்று, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, நியாயமற்ற தாமதம் வாழ்வுரிமையை மீறுவதாகும், அதுவே ஒரு சித்திரவதை என்று கூறி, வேறு பலரோடு இந்த நால்வரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது.

அந்தத் தீர்ப்பை ஏககாலம் என்ற கண்ணோட்டத்தில் படித்துப் பாருங்கள். நால்வரும் அந்த ஒன்பது ஆண்டும் இரண்டு தண்டனை அனுபவித்தார்கள். ஒன்று சிறைவாசம். மற்றது, நாளை தூக்கா என்று தெரியாமல் விடியும் ஒவ்வொரு காலையும். இரண்டாவதை எந்த நீதிமன்றமும் எழுதவில்லை. எழுதாமலே ஏககாலத்தில் ஓடியது. எழுதப்படாத அந்தத் தண்டனையை அனுபவித்து முடித்தார்கள் என்று கண்டதனால்தான் எழுதப்பட்ட தண்டனையை நீதிமன்றம் குறைத்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இரண்டு படைகளின் கணக்கு தனி. அத்துமீறல் புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல் ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கச் சொன்னது. அடித்தது இந்த மாநிலப் போலீஸா, அந்த மாநிலப் போலீஸா என்ற கேள்வியிலேயே பலருக்குக் காலம் போய்விட்டது. அதிகாரம் ஒரே நேரத்தில் இரண்டு கைகளில் இருந்தது. பொறுப்பு என்று வந்தபோது ஒவ்வொரு கையும் மற்றதைக் காட்டியது.

பொதுப் பட்டியல்

இரண்டு அதிகாரங்கள் ஒரே பொருளின் மீது ஏககாலத்தில் இயங்குவதற்கு நம் அரசியல் சாசனமே இடம் வைத்திருக்கிறது. ஏழாவது அட்டவணையின் மூன்றாம் பட்டியலைத் தமிழில் பொதுப் பட்டியல் என்கிறோம், கன்னடத்தில் சமவர்த்தி பட்டி. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலேயே மூன்று பட்டியல் முறை வந்துவிட்டது. இந்தப் பட்டியலில் உள்ள பொருள்களில் ஒன்றிய அரசும் சட்டம் இயற்றலாம், மாநிலமும் இயற்றலாம். இரண்டும் முரண்பட்டால்? 254ஆவது உறுப்பு ‘ஒடு’ உருபை ஒன்றியத்தின் மேல் வைக்கிறது. ஒன்றியச் சட்டமே நிற்கும்.

1976இல் 42ஆவது திருத்தம் கல்வி, காடு, வனவிலங்குப் பாதுகாப்பு ஆகியவற்றை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைத்தது. கல்வி பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் வாதம் ஊரறிந்தது. காடு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அறிவித்தது மாநில அரசு, அறிவித்த அதிகாரம் 1972ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்திலிருந்து வந்தது. ஆடு மேய்க்கப் போனவரைத் தடுக்கும் காட்டிலாகா ஊழியர் மாநிலத்துக்காரர். அவர் காட்டும் விதி தில்லியில் எழுதப்பட்டது. அதே காட்டில் வாழ்வோருக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006இல் தில்லியிலேயே வந்தது.

ஒன்றியம்தான் எப்போதும் உயர்ந்ததா? சாசனம் ஒரு கதவை விட்டிருக்கிறது. மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே நிற்கும். 2017இல் மெரினாவில் இளைஞர்கள் திரண்டபின் தமிழ்நாடு ஜல்லிக்கட்டுக்காகக் கொண்டுவந்த திருத்தம் இந்த வழியில்தான் பிழைத்தது. கர்நாடகம் கம்பளா எருமைப் பந்தயத்துக்காகக் கொண்டுவந்த திருத்தமும் அப்படியே. இரண்டையும் 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரே தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. உருபு இடம் மாறக்கூடியதுதான். மக்கள் கூடிக் கேட்டபோது மாறியது.

கேட்க வேண்டிய மூன்று

அறக்கட்டளை வைத்தவர்கள் இந்தப் பேச்சு ஊருக்குப் பயன்பட வேண்டும் என்று விரும்பியிருப்பார்கள். ஆகவே கையோடு எடுத்துப்போக மூன்று கேள்விகளைத் தருகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குக் கொள்ளேகாலிலோ மைசூரிலோ சேலத்திலோ தண்டனை விதிக்கப்பட்டால், தீர்ப்பு நாளன்றே வக்கீலிடம் கேளுங்கள்.

ஒன்று: தண்டனைகள் ஏககாலத்திலா, அடுத்தடுத்தா? தீர்ப்பில் அது எழுத்தில் இருக்கிறதா? ஏற்கெனவே வேறு வழக்கில் தண்டனை அனுபவித்து வருபவர் என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. அங்கே புதிய சட்டத்திலும் 467ஆவது பிரிவு பழைய விதியையே வைத்திருக்கிறது. நீதிபதி சொன்னால் ஒழிய, முதல் தண்டனை முடிந்தபின்தான் இரண்டாவது தொடங்கும். முதலாவது ஆயுள் தண்டனையாக இருந்தால் மட்டும் பின்னது அதோடு சேர்ந்து ஓடும்.

இரண்டு: அபராதம் எவ்வளவு, கட்டாவிட்டால் மொத்தம் எத்தனை மாதம்? அதைப் பிரிவு வாரியாகக் கூட்டிப் பாருங்கள்.

மூன்று: விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்பட்டனவா? ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு வழக்குகளில் காவலில் இருந்தால் அந்த நாட்களை இரண்டாவது வழக்கிலும் கழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொல்லியிருக்கிறது. ஆனால் இரண்டாவது வழக்கில் அவர் கைதானதாகக் காட்டப்பட்ட தேதியிலிருந்துதான் கணக்கு ஓடும். உள்ளே இருப்பவரை வாரண்ட் போட்டுக் கொண்டுவந்து கைது காட்டுவதில் மாதங்கள் நழுவுவது வழக்கம். நழுவும் மாதங்கள் யாருடைய கணக்கிலும் ஏறா. ஆகவே அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள், தாமதமானால் மனுப் போடச் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டம். இந்த ஊர்ப் படித்த பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். தீர்ப்பு இங்கே கன்னடத்தில் வரலாம், ஆங்கிலத்தில் வரலாம், எல்லை தாண்டினால் தமிழில் வரலாம். மூன்றிலும் தண்டனைப் பகுதியை மட்டும் படித்து வீட்டாருக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்குங்கள். இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கான கெடு முடியும் முன் கேட்டு வாங்குங்கள்.